கேம் கன்சோலை மாதக் காசில் வாங்குவது: நீலகிரிக்காரர்கள் போட்டுப் பார்க்கவேண்டிய கணக்கு

பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ மாதாமாதம் பணம் கட்டி வாங்க நினைப்பவர் கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் கருவிக்கான கடன், வலப்பக்கம் கேம் பாஸ் (எக்ஸ்பாக்ஸ்), பிஎஸ் பிளஸ் (பிளேஸ்டேஷன்) மாதிரி கேம் ஆடக் கட்டும் சந்தா. கடையில் இரண்டையும் ஒன்றாக்கி "மாசம் இவ்வளவுதான் சார்" என்று ஒரே எண்ணைச் சொல்வார்கள். ஆனால் இரண்டும் ஒரே ஜாதி இல்லை. சந்தாவை வேண்டாத மாதம் நிறுத்திவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். கடனை நடுவில் நிறுத்தினால் அபராதமும் சிபில் (கடன் மதிப்பெண்) அடியும் சேர்ந்தே வரும். கருவி பழுதாகி மூலையில் கிடந்தாலும் தவணை ஓடிக்கொண்டுதான் இருக்கும். கீழே வரும் கணக்கெல்லாம் இந்தக் கோட்டை ஒட்டித்தான்.

கருவியையும் சந்தாவையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டித் தரும் முறை வெளிநாட்டில் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2012-இல் அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ கினெக்ட் என்ற அசைவறியும் கேமராவோடு 99 டாலர் முன்பணம், மாதம் 14.99 டாலர் வீதம் 24 மாதம் என்று கொடுத்தது. மொத்தம் 458.76 டாலர். அதே கருவியை ரொக்கத்துக்கு 299.99-க்கு வாங்கி, ஆண்டுக்கு 59.99 வீதம் இரண்டு வருடம் லைவ் கோல்டு என்ற ஆன்லைன் சந்தா போட்டிருந்தால் 419.97-தான். ஒப்பந்தக்காரருக்கு 38 டாலர் 79 சென்ட் கூடுதல். 2018-இல் எக்ஸ்பாக்ஸ் ஆல் ஆக்சஸ் என்ற பெயரில் அதே யோசனை திரும்பி வந்தது. 2020-இல் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் மாதம் 24.99 டாலர், 24 மாதம், கேம் பாஸ் அல்டிமேட் உட்பட மொத்தம் 599.76. தனித்தனியாக வாங்கினால் கருவி 299.99, சந்தா 14.99 வீதம் 24 மாதத்துக்கு 359.76, ஆக 659.75. இந்த முறை ஒப்பந்தக்காரருக்கு 60 டாலர் மிச்சம். ஆனால் அந்தச் சந்தாவே வேண்டாம் என்பவருக்கு 300 டாலர் பெட்டிக்கு 600 டாலர் போனது. ஒரே கம்பெனி, ஒரே மாதிரித் திட்டம், இரண்டு விடை. அதனால் பெயரைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது, கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தத் திட்டம் 2020-இல் விரிந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. லண்டனில் இருக்கும் மாமா அங்கே எடுத்து அனுப்புவார் என்றால் கடன் மாமா பெயரில், வாரண்டி அந்த நாட்டில், தவணை தவறினால் அடி வாங்குவதும் மாமாதான். நம் ஊர் மின்சாரத்துக்குச் சரிவருமா என்பதைக் கருவியின் பின்பக்க லேபிளில் பாருங்கள், 100-240 வோல்ட் என்று இருக்கவேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கம்பெனி இங்கே அதிகாரபூர்வமாக விற்பதில்லை. கடையில் இருப்பது வெளியிலிருந்து வந்த சரக்கு. அதைத் தவணையில் எடுத்தால், வாரண்டி இல்லாத பொருளுக்கு ஒரு வருடக் கடன்.

இங்கே இருக்கும் வழிகள்

ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலோ குன்னூரிலோ கோவைக்கு இறங்கியோ எங்கே கேட்டாலும் வழி மூன்றுதான்: கிரெடிட் கார்டு இஎம்ஐ, கடையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் நிதி நிறுவனத்தின் கடன், ஆன்லைனில் 'பிறகு கட்டு' வகை. மாத வாடகைக்குக் கன்சோல் தரும் நிறுவனங்களும் பெருநகரங்களில் இருக்கின்றன. 643-இல் தொடங்கும் நம் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். வரும் என்றால், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, டெபாசிட் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு எடுங்கள். லீவுக்கு வரும் பிள்ளைக்கு இரண்டு மாதம் என்றால் வாடகை சரி. ஒரு வருடத்துக்கு மேல் வாடகை கட்டுவது வீண்.

எந்த வழியானாலும் முதல் கேள்வி ஒன்றே: "அண்ணா, ரொக்கமா கொடுத்தா என்ன ரேட்?" தவணை என்று வாயைத் திறக்கும் முன்பே இதைக் கேட்டுவிடவேண்டும். ரொக்கத்துக்கு இரண்டாயிரம் குறைத்துத் தருவார் என்றால், அந்த இரண்டாயிரம்தான் 'வட்டியில்லாத' தவணையின் வட்டி.

நோ காஸ்ட் இஎம்ஐ: உள்ளே என்ன நடக்கிறது

பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதனால் இப்போது நடப்பது வேறு: வட்டிக்குச் சமமான தொகையை முதலிலேயே தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, மீதியை வட்டியோடு வசூலிப்பது.

50,000 ரூபாய் கன்சோல், 12 மாதம், வங்கி வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 4,167 ரூபாய், பன்னிரண்டு மாதத்தில் 50,000. வங்கி கொடுக்கும் கடன் உண்மையில் 46,164 ரூபாய்தான். மீதி 3,836 தள்ளுபடி. அதே 3,836-தான் வட்டியாகத் திரும்பப் போகிறது. இதுவரை நஷ்டமில்லை. ஆனால் கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதற்குத் தள்ளுபடி கிடையாது: 690 ரூபாய். ப்ராசஸிங் ஃபீ 199 என்றால் அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக 'நோ காஸ்ட்'டின் காஸ்ட் 925 ரூபாய். ஒரு வருட அவகாசத்துக்கு இது மோசமில்லை, எடுக்கலாம். பில்லில் வரும்போது திடுக்கிடாமல் இருந்தால் போதும். முதல் மாதங்களில் வட்டிப் பங்கு அதிகம், அதனால் ஜிஎஸ்டியும் முதல் மாதங்களில்தான் கூடுதலாக ஏறும்.

கார்டு இஎம்ஐ-யில் கவனிக்கவேண்டிய இடம் வேறு. தவணை போட்ட அன்றே முழு 46,000-மும் உங்கள் லிமிட்டில் அடைபடும். பில் வந்ததும் 'மினிமம் டியூ' எனப்படும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், மீதிக்கு மாதம் மூன்றரை சதவீதமும் அதற்கு மேலும் போகக்கூடிய சாதாரண கார்டு வட்டி ஓட ஆரம்பிக்கும். அந்த மாதம் மளிகைக்கு கார்டைத் தேய்த்திருந்தால் அதற்கும் சேர்த்து. நோ காஸ்ட் என்று நம்பி உள்ளே போனவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கடன் தானாகத் தீரும் என்றும் நினைக்கக்கூடாது. கடைக்காரர் பணத்தைத் திருப்பினாலும், வங்கியைக் கூப்பிட்டு இஎம்ஐ-யை ரத்து செய்யச் சொன்னால்தான் பல வங்கிகளில் ரத்தாகும். ப்ராசஸிங் ஃபீ திரும்பாது.

கடை மேசைக் கடன்

கார்டு இல்லாத பெரும்பாலோர் வருவது இந்த மேசைக்குத்தான். ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் மூன்றும் வேண்டும். ஓடிபி வருவது ஆதாரில் பதிந்த எண்ணுக்கு. அந்த சிம் அப்பாவின் போனில், அப்பா டவர் கிடைக்காத தேயிலை எஸ்டேட் பக்கம் இலை எடுத்துக்கொண்டிருந்தால் கடையில் நாள் முழுக்க நிற்கவேண்டியதுதான். கீழே கோவைக்கு இறங்கிய பிறகு இது தெரிந்தால் இரண்டு பஸ் சார்ஜ் போச்சு. எந்த எண் பதிந்திருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கூட்டுறவு வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள், அதில் இ-மேண்டேட் (தவணையைத் தானாக எடுத்துக்கொள்ளும் அனுமதி) பதிவாகுமா என்று முன்கூட்டியே கேட்பதும் நல்லது.

மேசையில் அதிகம் ஓடும் சரக்கு '12/4' மாதிரித் திட்டம். 48,000 ரூபாய் பொருளுக்கு மாதம் 4,000. அதில் நான்கு தவணையை, அதாவது 16,000-ஐ, அன்றே கட்டிவிடவேண்டும். மீதி எட்டு மாதம். கேட்பதற்கு வட்டியில்லாக் கடன். ஆனால் நீங்கள் வாங்கியது 48,000 கடனில்லை, 32,000-தான், அதுவும் எட்டே மாதத்துக்கு. ப்ராசஸிங் ஃபீ 1,000 ரூபாய், ஜிஎஸ்டி 180 என்று வையுங்கள். மாதாமாதம் குறைந்துகொண்டே போகும் பாக்கியின் சராசரி 18,000 ரூபாய். அதற்கு எட்டு மாதத்தில் 1,180 கட்டுகிறீர்கள். ஆண்டுக் கணக்கில் கிட்டத்தட்ட 10 சதவீதம். ஃபீ சின்னது என்று விடக்கூடாது என்பது இதனால்தான்.

'ஃபிளாட் ரேட்' என்ற சொல் காதில் விழுந்தால் கால்குலேட்டரை எடுங்கள். 40,000 ரூபாய், 18 மாதம், 'வெறும் 12 சதவீதம் ஃபிளாட்' என்றால் வட்டி 7,200, தவணை 2,622. அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு 40,000-க்கே போடப்படுகிறது. குறையும் பாக்கிக்குக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு இருபத்தொன்றரை சதவீதத்துக்கும் மேல்.

இந்தக் கணக்கையெல்லாம் நீங்களே போடத் தேவையில்லாதபடி ஒரு தாள் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் புதிதாகக் கொடுக்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' கொடுத்தாகவேண்டும். வட்டி, ஃபீ, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆண்டுச் சதவீதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். ஏபிஆர் என்று போட்டிருப்பார்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்கலாம். டேப்லெட்டை நீட்டி "இங்க ஒரு சைன், இங்க ஒரு ஓடிபி, அவ்வளவுதான் தம்பி" என்றால், அந்த எண்ணைக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு ஓடிபி-யைச் சொல்லுங்கள். கையோடு இன்னும் மூன்று சங்கதி பாருங்கள்: எக்ஸ்டென்டட் வாரண்டி சேர்த்திருக்கிறார்களா, இன்ஷூரன்ஸ் சேர்த்திருக்கிறார்களா, இஎம்ஐ கார்டுக்கென்று தனியாகக் கட்டணம் உண்டா. இவை கேட்காமலேயே உள்ளே வந்து உட்காருபவை. வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள், முகம் மட்டும் கொஞ்சம் சுருங்கும்.

ஆப் வழியாக எடுத்த கடனுக்கு 'கூலிங் ஆஃப்' காலம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டினால், முன்கூட்டி அடைத்ததற்கென்று அபராதமில்லாமல் வெளியே வரலாம். எத்தனை நாள் என்பது அதே தாளில் இருக்கும்.

தேதியும் சீசனும்

சமவெளிக்காரர்களுக்கு எழுதிய அறிவுரை நமக்குப் பொருந்தாமல் போவது இங்கேதான். தவணை பெரும்பாலும் மாதத்தின் முதல் வாரத்தில் எடுக்கப்படும். எஸ்டேட் சம்பளம் 7-ஆம் தேதிக்கோ 10-ஆம் தேதிக்கோ வரும். சொந்தத் தோட்டக்காரருக்கு இந்த மாதம் கொடுத்த இலைக்கு அடுத்த மாதம்தான் காசு. 5-ஆம் தேதி தவணை, 10-ஆம் தேதி சம்பளம் என்றால் ஒவ்வொரு மாதமும் ஐந்து நாள் கயிற்றில் நடக்கவேண்டும். தேதியை மாற்றித் தருவார்களா என்று கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். சில இடத்தில் இரண்டு மூன்று தேதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முடியாது என்றால் ஒரே வழி: ஒரு தவணைத் தொகையை எப்போதும் கணக்கில் தொடாமல் வைப்பது.

நாச் எனப்படும் தானியங்கிப் பிடித்தம் 2021 ஆகஸ்ட் முதல் ஞாயிறு, பண்டிகை நாள் என்று பார்க்காமல் எல்லா நாளும் நடக்கிறது. "ஞாயித்துக்கிழமை, திங்கள்தானே எடுப்பாங்க" என்ற பழைய கணக்கு செல்லாது. பணம் முந்தின நாள் மாலையே கணக்கில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அடி இரண்டு பக்கமும். நிதி நிறுவனம் பவுன்ஸ் சார்ஜ் 500, வங்கி 250, ஜிஎஸ்டி சேர்த்து 885 என்று வையுங்கள். 2,600 ரூபாய் தவணைக்கு மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மறுபடி முயன்று மறுபடி திரும்பினால் வங்கி மறுபடி பிடிக்கும். ஒன்று மட்டும் ஆறுதல்: 2024 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி தாமத அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது. ஸ்டேட்மென்டில் அப்படி இருந்தால் எழுதிக் கேளுங்கள்.

பெரிய வலை தீபாவளி. போனஸ் கையில், கடையில் ஆஃபர், அன்றைக்கு எல்லாம் முடியும் என்றுதான் தோன்றும். ஆனால் அடுத்து வரும் முதல் மூன்று தவணைகள் விழுவது டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில். உறைபனி விழுந்து கொழுந்து கருகும் மாதங்கள், இலை குறையும், காசும் குறையும். போனஸில் வாங்குவதானால் முன்பணத்தைக் கூட்டித் தவணையைச் சிறிதாக்குங்கள், பனி மாதங்களுக்கான மூன்று தவணையை அன்றே ஒதுக்குங்கள். ஒதுக்க மிச்சமில்லை என்றால் அந்த வருடம் வாங்கும் வருடமில்லை.

டாக்ஸி ஓட்டுபவர்கள், காட்டேஜ் நடத்துபவர்கள், சாக்லேட், வர்க்கி கடை வைத்திருப்பவர்கள் கணக்கு வேறு. ஏப்ரல், மே சீசன் முடிந்ததும் கையில் காசு இருக்கும். ஜூனில் மழை பிடித்தால் ஆகஸ்ட் வரை ரூம் காலி. இவர்களுக்குப் பன்னிரண்டு மாதச் சம தவணையைவிட, சீசனில் பாதிக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து ஆறு மாதத்தில் முடிப்பது நிம்மதி. முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா என்பதைத் தாளில் பாருங்கள். நிலையான வட்டிக் கடன்களில் பல நிறுவனங்கள் கேட்கின்றன.

கொடைக்கானல்காரர்களுக்கும் கணக்கு இதேதான். கோவை என்ற இடத்தில் மதுரை என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

வலப்பக்கம்: சந்தா

சந்தா போடும் முன் நெட்டைப் பாருங்கள். ஒரு பெரிய கேம் 80 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் மொபைல் ரீசார்ஜில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கினால் 40 நாள், அதுவும் போனை வேறெதற்கும் தொடாமல். ஃபைபர் வராத எஸ்டேட் லைன் வீட்டில் கேம் பாஸ் என்பது பூட்டிய கடைக்கு வாடகை கட்டுவது. அப்படிப்பட்ட வீட்டுக்கு டிஸ்க் போடும் மாடல்தான். பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷன் 2021-இல் இங்கே வந்தபோது டிஸ்க் மாடலைவிட 10,000 ரூபாய் குறைவு, 49,990-க்கு எதிரே 39,990. தவணையில் அது மாதம் 800 சொச்சம் மிச்சம்போலத் தெரியும். ஆனால் டிஸ்க்கைச் செகண்ட்ஹேண்டில் வாங்கலாம், முடித்துவிட்டு விற்கலாம், பக்கத்து வீட்டுப் பையனோடு மாற்றிக்கொள்ளலாம். டிஜிட்டலில் எதுவும் நடக்காது. டிஸ்க் கேமுக்கும் அப்டேட் இறக்கவேண்டி வரும் என்பது உண்மைதான், ஆனாலும் முழு கேமையும் இறக்குவதோடு ஒப்பிட முடியாது.

ஃபைபர் இருந்தாலும் சந்தா தேவையா என்பது விளையாடுவதைப் பொறுத்தது. ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களை ஆன்லைனில் ஆட பிஎஸ் பிளஸ் வேண்டாம். எக்ஸ்பாக்ஸிலும் 2021 ஏப்ரல் முதல் அப்படியே. காசு கொடுத்து வாங்கிய கேமை மற்றவர்களோடு ஆன்லைனில் ஆடத்தான் சந்தா. பிஎஸ் பிளஸ் மேல்தட்டு இங்கே 'டீலக்ஸ்', வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் 'பிரீமியம்' இல்லை. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அதே வசதியை எதிர்பார்த்துப் பணம் கட்டாதீர்கள்.

சந்தா தீர்ந்தால் அதில் கிடைத்த கேம்கள் பூட்டிக்கொள்ளும். மறுபடி கட்டினால், பட்டியலிலிருந்து எடுக்கப்படாதவை திறக்கும், கருவியில் சேவ் ஆனது அங்கேயே இருக்கும். ஆகவே பரீட்சை மாதத்தில் நிறுத்தி லீவில் போடுவதில் நஷ்டமில்லை. தானாகப் புதுப்பிப்பதை வாங்கிய அன்றே அணைத்துவிடுங்கள், கட்டிய நாள் வரை ஓடும். பிளேஸ்டேஷனில் செட்டிங்ஸ், யூசர்ஸ் அண்ட் அக்கவுன்ட்ஸ், அக்கவுன்ட், பேமென்ட் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்று உள்ளே போகவேண்டும். எக்ஸ்பாக்ஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பக்கத்தில் இருக்கிறது. யூபிஐ ஆட்டோபேயில் போட்டிருந்தால் யூபிஐ ஆப்பிலேயே மேண்டேட்டை ரத்து செய்யலாம். பணம் எடுக்கும் 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வரவேண்டும் என்பது விதி. 15,000 ரூபாய்க்குள் என்றால் ஓடிபி கேட்காமலே போகும் என்பதால் அந்த எஸ்எம்எஸ்தான் ஒரே மணி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அப்பா கார்டைக் கன்சோலில் பதியாதீர்கள். கிஃப்ட் கோடு (முன்பே பணம் கட்டி வாங்கும் எண்) வாங்கிப் போட்டால் கோடில் உள்ளது தீர்ந்ததோடு சரி.

தவணை முடியும் வரை கருவி உயிரோடிருக்க

வாரண்டி ஒரு வருடம், தவணை 18 மாதம் என்றால் கடைசி ஆறு மாதம் ரிப்பேரும் உங்கள் கைக்காசு, தவணையும் உங்கள் கைக்காசு. முடிந்தவரை 12-க்குள் நிறுத்துங்கள். மலையில் கருவியைக் கெடுப்பவை இரண்டு: ஈரம், கரண்ட். பிஎஸ்5 ஓடவேண்டிய வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி. ஊட்டியில் ஜனவரி விடிகாலையில் ஹீட்டரில்லாத அறை அதற்கும் கீழே போகும். குளிர்ந்து கிடந்த பெட்டியை அடுப்புச் சூடு உள்ள அறைக்குக் கொண்டுவந்து உடனே ஆன் செய்தால் உள்ளே நீர் கோத்திருக்கும், அது ஷார்ட் ஆனால் வாரண்டியில் வராது. கோவையிலிருந்து வண்டியில் ஏற்றி வந்த அன்று பெட்டியைப் பிரித்துச் சில மணி நேரம் அறையில் வையுங்கள். துணி மூடி ஓட்டாதீர்கள், பீரோவுக்குள் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய், திரும்பும்போது கூடுதல் வோல்டேஜோடு வரும். இடி கேட்டால் பிளக்கையும் நெட் கேபிளையும் பிடுங்கிவிடுவது மலிவான காப்பீடு.

பில்லையும் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஈரத்தில் தெர்மல் பேப்பர் பில் சீக்கிரம் வெளுத்துப்போகும்.

கடைசித் தவணை போனதும் வேலை முடிந்துவிடாது. 'நோ டியூஸ்' (பாக்கி இல்லை) சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். வங்கியில் அந்த மேண்டேட் ரத்தாகிவிட்டதா என்று பாருங்கள், உயிரோடிருந்தால் ரத்து செய்யச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்தால் (வருடத்துக்கு ஒருமுறை இலவசம்) கணக்கு 'குளோஸ்டு' என்று இருக்கவேண்டும். இல்லையென்றால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதிலில்லை என்றாலோ பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனுக்கு. 14448 என்ற எண்ணில் எப்படிப் புகார் செய்வது என்று சொல்வார்கள், புகாருக்குக் கட்டணம் இல்லை.